மேகவர்ணத்தின் உள்ளங்கைச் சூடம்

பொன்னூரணித் தொகுதியில் சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத வேட்பாளர் ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. ஓட்டுக் கேட்டு ஊருக்குள் நுழைகிறவர் காரில் வந்தாலும் சரி, கட்டைவண்டியில் வந்தாலும் சரி, அந்தந்த ஊர்க் காவல் தெய்வத்தின் முன்னால் தட்டில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்து, 'இன்னதைச் செய்வேன், இது சத்தியம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுச் செய்யாமல் போனால் அது அவருக்கும் சாமிக்கும் உள்ள வழக்கு, நாங்கள் நடுவில் புகுவதில்லை. எங்கள் சாமிகளும் எங்களைப் போலவே ஐந்து வருஷம் பொறுத்துப் பழகியவைதான்.

இதைச் சொல்கிற நான் அபுதாகிர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'நிலா டிஜிட்டல்' என்று போர்டு தொங்குகிறதே, அது என் கடைதான். காதுகுத்து, கந்தூரி, கும்பாபிஷேகம், மாதா தேர்பவனி, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு என்று இந்தத் தொகுதியில் எது நடந்தாலும் அதற்கு ஃப்ளெக்ஸ் அடிப்பவன் நான். முருகனும் மேரி மாதாவும் என் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில்தான் இருக்கிறார்கள், இன்றுவரை ஒரு சண்டை சச்சரவு வந்ததில்லை. கட்சித் தலைவர்களைத்தான் தனித்தனி ஃபோல்டரில் பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சித்திரையில் ஆட்டுக்கல் சின்னத்தில் நின்றவர் மேகவர்ணம். கெட்ட மனுஷர் இல்லை. நல்லவர் என்று சொல்வதற்கும் அதுவரை யாருக்கும் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. கும்பிடுவதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, எதிரே எருமை வந்தாலும் இரண்டு கையையும் குவித்துவிடுவார். நாற்பத்தொரு ஊரில் நாற்பத்தொரு சூடத்தை அடித்து, ஓர் ஊருக்கு ரோடு, ஓர் ஊருக்குக் கண்மாய் மடை, ஓர் ஊருக்குக் கல்லறைக்குச் சுற்றுச்சுவர், ஓர் ஊருக்கு ஆறு மணி பஸ் என்று சத்தியம் செய்துகொண்டே வந்தவருக்கு எந்த ஊரில் எதைச் சொன்னோம் என்பது நினைவில்லை. சூடங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடித்ததும் அணைந்தன. நாற்பத்திரண்டாவதாக அவர் வந்து சேர்ந்தது தவளையேந்தல்.

தவளையேந்தல் என்பது நரியோடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எழுபது வீட்டு ஊர். சித்திரையில் பார்த்தால் ஓடையில் ஆடு மேயும், ஐப்பசியில் பார்த்தால் ஆட்டையே இழுத்துக்கொண்டு போகும். நானும் போட்டோ எடுக்கக் கூடப் போயிருந்தேன். சங்கிலிக் கருப்பு கோயில் வாசலில் தட்டும் சூடமுமாக நின்றது வள்ளிமயில் என்கிற பெண்பிள்ளை. பொன்னூரணி பெண்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள், நாற்பத்தைந்து வயது, உப்புப் பார்க்காமலே சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்லக்கூடியவள். மேகவர்ணம் வழக்கம்போலக் கையை ஓங்கியதும் அவள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இருங்க, இருங்க. 'எல்லாம் செய்வேன்'னு பொத்தாம் பொதுவா அடிக்கிற வேலையெல்லாம் இங்க வேணாம். என்ன செய்வீகன்னு வாயத் தொறந்து சொல்லிட்டு அடிங்க."

"சொல்லும்மா, என்ன வேணும்?"

"எம்மக செல்லமணிக்கு மூணு மாசம். போன தடவ வலி எடுத்தப்ப ஓடையில கழுத்தளவு தண்ணி. கட்டில்ல வச்சு நாலு பேரு தூக்கிட்டு எறங்குனாக. நடு ஓடையிலயே பிள்ள பெறந்துருச்சு. கரை ஏறும்போது அது இல்ல. இந்தப் பிள்ளைக்கு ஐப்பசி கடேசின்னு நாள் சொல்லியிருக்காக. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மேகவர்ணம் ஓங்கிய கையை இறக்கியதை நான் கேமரா வழியாகப் பார்த்தேன். அவள் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க அவர் திருப்பிச் சொன்னார்: "தவளையேந்தல் பொம்பளைக கால் நனையாம நரியோடையத் தாண்டுற மாதிரி ஐப்பசி முடியிறதுக்குள்ள ஒரு பாலம் போட்டுத் தருவேன். சங்கிலிக் கருப்பு மேல சத்தியம்." ஓங்கி அடித்தார், கையை எடுத்தார். தட்டில் சூடம் இல்லை, அவர் உள்ளங்கையில் இருந்தது.

விரல் உயரத்துக்கு, மஞ்சளாக, ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. உதறினார், போகவில்லை. ஊதினார், போகவில்லை. டிரைவர் ஓடிவந்து ஈரத்துண்டைப் போட்டான், துண்டு பற்றிக்கொண்டது. ஒரு குடம் தண்ணீருக்குள் கையை விட்டார், தண்ணீருக்குள்ளும் நின்று எரிந்தது, கோயில் வாசனை மட்டும் கொப்புளம் கொப்புளமாக மேலே வந்தது. "சுடுதாண்ணே?" என்று கேட்டார்கள். "சுடலையே, கூசுது" என்றார். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'வலது உள்ளங்கையில் தீ, வலி இல்லை, பசி உண்டு' என்று சீட்டில் எழுதி, களிம்பு ஒன்று கொடுத்து, தீ அணைந்த பிறகு தடவச் சொன்னார்.

எப்படி நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் ஊரிலும் ஒரு நாள் பூராவும் கேட்டார்கள், மறுநாள் அவரவருக்கு வேலை வந்துவிட்டது. மூன்றாம் நாள் ஒரு அம்மா விளக்குத் திரியை நீட்டிப் பற்றவைத்துக்கொண்டு போனாள், அதைப் பார்த்து நாலு பேர் அடுப்புக்கு எடுத்துப் போனார்கள், லாரி டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டி பீடி பற்றவைத்தார்கள். சர்ச்சில் ஃபாதர், தீயைப் படைத்தவர் ஒருவரே என்று சொல்லி மெழுகுவத்தி ஏற்ற அனுமதித்தார். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத், கரண்ட் போனால் மட்டும் அவருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார். கறுப்புச் சட்டை அறிவுடைநம்பி பெட்ரோல் பங்கிலிருந்து தீயணைப்பு சிலிண்டரை இரவல் வாங்கி வந்து, மேகவர்ணத்தைத் தலையிலிருந்து கால்வரை நுரையாக்கிவிட்டு, நுரைக்கு நடுவில் சுடர் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இதற்கு ஒரு அறிவியல் விளக்கம் இருக்கிறது, அது வரும்வரை காத்திருப்பேன் என்று அறிவித்தார். காத்திருந்த ஆறு மாதமும் தன் பீடியை அதில்தான் பற்றவைத்தார்.

இனி என் பங்குக்கு வருகிறேன், இது சொல்லக் கொஞ்சம் கூச்சமான இடம். தவளையேந்தலிலிருந்து வந்த கையோடு நான் ஒரு போஸ்டர் டிசைன் செய்தேன். மேகவர்ணம் கையில் சுடரோடு நிற்கிறார், கீழே அவர் சொன்ன சத்தியம் ஒரு வார்த்தை விடாமல் இருக்கிறது. ஒன்றியச் செயலாளர் சோலைராசு வந்து தள்ளி நின்று பார்த்தார். கட்சியில் எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்த்தே மேலே வந்தவர் அவர்.

"எழுத்து எதுக்கு பாய் இம்புட்டு? எவன் நின்னு வாசிக்கிறான்? எழுத்தக் கொறச்சு தீயப் பெருசாப் போடுங்க."

நான் 'கால் நனையாம' என்பதை எடுத்தேன், தீ கொஞ்சம் வளர்ந்தது. ஐப்பசியை எடுத்தேன், இன்னும் வளர்ந்தது. அவர் "இன்னும், இன்னும்" என்றார். ஓடையை எடுத்தேன், ஊரை எடுத்தேன், கடைசியில் பாலத்தையும் எடுத்தேன். மிஞ்சியது 'சத்தியம்' என்கிற ஒற்றைச் சொல்லும் அதன் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும்தான். டிசைனாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

தேர்தல் நாளன்று ஓட்டுச்சாவடிக்குள் தீ வரலாமா என்று அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். ஆயுதம் கூடாது, கொடி கூடாது, சாராயம் கூடாது என்று இருந்ததே தவிர கைத்தீ கூடாது என்று எங்கும் இல்லாததால், பின்னால் ஒரு போலீஸ்காரர் மணல் வாளியோடு நடந்துவர அவர் இடது கையால் ஓட்டுப் போட்டார். எதிர்த்து நின்ற அத்தனை பேருக்கும் டெபாசிட் கருகியது.

பிறகு தில்லியிலிருந்து கட்சிப் பெரியவர்கள் வந்தார்கள். அவர்கள் சுடரைப் பார்த்தார்கள், கூட்டத்தைப் பார்த்தார்கள், மறுபடி சுடரைப் பார்த்தார்கள். இது பொன்னூரணியின் சுடர் இல்லை, தேசத்தின் சுடர், பாரதத்தாய் தன் கையாலேயே ஏற்றிய சுடர், இதற்குப் பெயர் 'தேசச் சத்தியச் சுடர்' என்றார்கள். சங்கிலிக் கருப்பு வாசலில் அரிவாளோடு சும்மா நின்றுகொண்டிருந்தார், அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடங்களில் காலை வணக்கத்தின்போது பிள்ளைகள் பொன்னூரணி இருக்கும் திசையைப் பார்த்து வலது உள்ளங்கையை நீட்டி, "சத்தியம், சத்தியம், சத்தியம்" என்று மூன்று முறை சொன்னார்கள். எதற்குச் சத்தியம் என்று ஒரு வாத்தியார் கேட்டார், அவரைப் பஸ் போகாத ஊருக்கு மாற்றினார்கள். மேகவர்ணத்தால் இரண்டு கையையும் குவிக்க முடியாததால் ஒற்றைக் கையை நீட்டி வணங்கினார். அதைப் பார்த்து நாடு முழுக்க ஒற்றைக் கை வணக்கம் வந்தது, இரண்டு கையால் கும்பிட்டவனை என்ன கட்சி என்று கேட்டார்கள். சுடரை வணங்காதவன் தேசத்தை வணங்காதவன் என்று ஒருவர் டிவியில் சொன்னார், தேசத்தை வணங்குகிறவன் சுடரை வணங்கத் தேவையில்லை என்று இன்னொருவர் சொன்னார், இரண்டு பேரும் மறுநாளும் அதையே சொன்னார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா, தங்கள் மாவட்டச் செயலாளர் உள்ளங்கையில் கங்கை ஊறுகிறது என்றது. சட்டைக்கைக்குள் குழாய் இருப்பதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டதால் கங்கை ஒரு வாரத்தில் வற்றிப்போனது.

என் கடைக்கும் ஒரு நாள் நாலு இளைஞர்கள் வந்தார்கள். "என்ன பாய், ஊரு பூரா சுடர் படம் இருக்கு, உங்க கடையில மட்டும் இல்ல?" என்றான் ஒருவன், சிரித்துக்கொண்டுதான். நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். "ஊரு பூரா இருக்கறத அடிச்சது யாரு தம்பி? ராத்திரி பகலா ஒங்களுக்கு அடிச்சுக் குடுத்ததுல எனக்குன்னு ஒண்ணு மிஞ்சல." அவர்கள் போன பிறகு ஒன்றை அடித்து மாட்டிவைத்தேன். பயம்தான், வேறென்ன.

இத்தனை பேரையும் வாழவைத்த சுடர் அந்த மனுஷரை மட்டும் படாத பாடு படுத்தியது. அவரைச் சுடாதே தவிர அவர் கை பட்டதெல்லாம் பற்றிக்கொள்ளும். பொன்னாடை போர்த்தினால் பொன்னாடை எரிந்தது, மனு கொடுத்தால் மனு எரிந்தது, படுத்தால் தலையணை எரிந்தது. இடது கையால் சாப்பிட்டார், இடது கையால் கையெழுத்துப் போட்டார், தங்கச்சி மகள் கல்யாணத்தில் அட்சதை தூவப் போய் அது பொரியாகத்தான் விழுந்தது. சுடர் அணைந்தால் கட்சி அணைந்துவிடும் என்று அவரைச் சுற்றி ஒரு சுடர் பாதுகாப்புக் குழு போட்டு, மழை பெய்தால் கைக்கு ஒரு குடையும் தலைக்கு ஒரு குடையும் பிடித்தார்கள். குடை ஒன்றுதான் இருந்தால் கைக்குப் பிடித்தார்கள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் புது போட்டோ எடுக்க அவரை என் கடைக்குக் கூட்டி வந்தார்கள். சோலைராசு போனில் பேசியபடி வாசற்படியில் நின்றார். மேகவர்ணம் மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

"பாய், நீங்க அன்னைக்கு இருந்தீகள்ல? நான் என்ன சொல்லிக் கையடிச்சேன்? நாப்பத்திரண்டு ஊரு, எனக்கு எல்லாம் ஒண்ணா கலந்துருச்சு. யாரக் கேட்டாலும் 'சத்தியம்னு சொன்னீங்க'ங்கறாய்ங்க. அது சரி, என்ன சத்தியம்?"

எனக்குத் தெரியும். தொண்டைவரை வந்தது. சோலைராசு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எங்களையே பார்த்தார்.

"சத்தியம்னுதாண்ணே சொன்னீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு இடது கையால் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

வள்ளிமயில் சும்மா இருக்கவில்லை. குறைதீர் நாளில் மனுக் கொடுத்தாள், அது சுடர் சம்பந்தப்பட்ட மனு என்று சுடர் குழுவுக்குப் போனது. சுடர் குழுவிடம் போனாள், இருபதடி தூரத்தில் கயிறு கட்டித் தரிசனம் நடந்துகொண்டிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து அவள் "பாலம், பாலம்" என்று கத்தியதை அவர்கள் புது கோஷம் என்று நினைத்துக் கூடவே கத்தினார்கள். இதற்கிடையில் தில்லித் தலைவரே ஐப்பசி கடைசி நாளன்று ஹெலிகாப்டரில் வந்து, சுடரிலிருந்து ஒரு தங்க விளக்கை ஏற்றித் தலைநகருக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவிப்பு வந்தது. ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டுமே, தொகுதியிலேயே பெரிய பொட்டல் நரியோடைக் கரையில்தான் இருந்தது. அங்கே சவுக்குக் கட்டைகளை லாரி லாரியாக இறக்கி, நூறடி மேடையும் ஒன்பது அலங்கார வளைவுகளும் கட்ட ஆரம்பித்தார்கள். மேடைக்கு நேர் எதிரே அறுபதடி ஃப்ளெக்ஸ் ஒன்று, திரை போட்டு மூடி, கயிற்றை இழுத்தால் திறக்கிற மாதிரி வைக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு வள்ளிமயில் கடைக்கு வந்தாள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது, சேலையின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"தாகிரண்ணே, அன்னைக்கு மொதமொத ஒரு போஸ்டர் செஞ்சீகளே, எழுத்தோட. அது இருக்கா?"

"எதுக்கும்மா?"

"எனக்கே சந்தேகமா இருக்குண்ணே. ஊரே வேற ஒண்ணச் சொல்லுது. நாந்தான் கனாக் கண்டனான்னு ஒரு தடவ பாத்துக்கிறேன்."

கம்ப்யூட்டரில் தேடி எடுத்தேன். 'மேகவர்ணம் ஃபைனல் ஒன்பது', 'ஃபைனல் எட்டு' என்று பின்னோக்கிப் போய், கடைசியில் அந்த முதலாவதைத் திறந்தேன். அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். 'கால் நனையாம' என்ற இடத்தில் விரலை வைத்து, "நான் சொன்னதுதான். அப்படியேதான் இருக்கு" என்றாள். அழவில்லை, நிம்மதியாகச் சிரித்தாள். அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். சிரித்ததால்தான் மாட்டிக்கொண்டேன்.

விழா நாள் விடிந்தது. பொட்டலில் இருபதாயிரம் பேர், எல்லோருக்கும் தலையில் சுடர் தொப்பி, கையில் சுடர் கொடி. வள்ளிமயிலைப் புளியோதரை கிண்டக் கூப்பிட்டிருந்தார்கள், மேடைக்குப் பின்னால் அண்டாவோடு நின்றாள். பத்து மணிக்கு வர வேண்டிய ஹெலிகாப்டர் மேகம் கவிந்திருந்ததால் மதுரையிலேயே நின்றுவிட்டது, ஒரு மணிக்குத்தான் வரும் என்றார்கள். அந்த நேரத்தில்தான் ஓடைக்கு அந்தக் கரையில் அவள் மருமகன் வந்து நின்று துண்டை வீசினான். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவன் கத்துவது கேட்கவில்லை, ஆனால் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். வள்ளிமயில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடைக்கு ஓடினாள். தண்ணீர் கழுத்தளவு, செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. அவள் இந்தக் கரையில், மகள் அந்தக் கரையில்.

நான் ஃப்ளெக்ஸ் கயிற்றுக்குக் கீழே நின்றிருந்தேன். தலைவர் வந்த பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும் என்பது கட்டளை. சோலைராசு மேடையில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்மில்லா சொல்லி இழுத்துவிட்டேன்.

திரை விழுந்தது. அறுபதடி ஃப்ளெக்ஸில் தீ இல்லை, மேகவர்ணம் இல்லை, தில்லித் தலைவர் இல்லை, வெறும் எழுத்துத்தான் இருந்தது, ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம். எங்கள் தொண்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, எழுதியிருப்பதை வாசித்தால் வாய்க்குள் வாசிக்கத் தெரியாது, கோஷமாகத்தான் வரும். முன்வரிசையில் ஒருவன், "தவளையேந்தல் பொம்பளைக!" என்று கையை உயர்த்திக் கத்தினான். இருபதாயிரம் பேரும் "கால் நனையாம!" என்றார்கள். "நரியோடைய!" என்றான். "தாண்டணும்!" என்று தங்கள் சொந்தச் சரக்கையும் சேர்த்தார்கள். "ஐப்பசி முடியிறதுக்குள்ள!" "பாலம்! பாலம்!" என்று பொட்டலே அதிர்ந்தது. என்ன சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எழுந்து நின்ற ஒரே ஒரு மனுஷருக்குத் தெரிந்தது.

மேகவர்ணம் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அப்புறம் மேடைக்குப் பின்னால் திரும்பி ஓடையைப் பார்த்தார், கரையில் தலைவிரிகோலமாக நிற்கிறவளைப் பார்த்தார். மைக்கைப் பிடுங்கினார், மைக்கின் மேலிருந்த பஞ்சு குப்பென்று பற்றிக்கொண்டது, அவர் பொருட்படுத்தவில்லை.

"மேடையப் பிரிங்கடா!"

"அண்ணே, தலைவர் எங்கண்ணே நிப்பாரு?" என்று அலறினார் சோலைராசு.

"ஓடைக்கு இந்தப் பக்கம் நிப்பாரு. இல்ல, பாலம் போட்டா அந்தப் பக்கமும் போயி நிப்பாரு. பிரிங்கடா!"

சுடர் சொன்னால் கிணற்றில் குதிக்கத் தயாராக இருந்தவர்கள் அவர்கள், கட்டையைப் பிடுங்குவதா கஷ்டம். நூறடி மேடையும் ஒன்பது வளைவும் நொடியில் சவுக்குக் கட்டைகளாகி ஆயிரம் தோள்களில் ஏறின. நீச்சல் தெரிந்தவர்கள் கயிற்றோடு குதித்தார்கள். ஊன்றினார்கள், கட்டினார்கள், அடித்துப் போனது, மறுபடி ஊன்றினார்கள். அறிவுடைநம்பி கறுப்புச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு எந்தக் கட்டையை எந்தச் சாய்வில் நட வேண்டும் என்று தண்ணீருக்குள் நின்று உத்தரவு போட்டார், அவர் ஆறு மாதமாகக் காத்திருந்த அறிவியல் அன்றைக்குத்தான் வேலைக்கு ஆனது. மேடைப் பலகைகளை மேலே பரப்பினார்கள். பலகை வழுக்கியது. நான் அறுபதடி ஃப்ளெக்ஸை இறக்கி, எழுத்துப் பக்கம் மேலே தெரிய, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை விரித்தேன்.

செல்லமணி அந்த எழுத்துகளின் மேல் நடந்து வந்தாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தாய், நடுநடுவே நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, 'ஐப்பசி'யில் ஒரு தடவை நின்று, 'பொம்பளைக'மேல் ஒரு தடவை நின்று வந்தாள். இருபதாயிரம் பேரும் அவள் பாதத்தையே பார்த்தார்கள். கடைசிப் பலகையிலிருந்து கரை மண்ணில் கால் வைத்தாள். பாதம் காய்ந்துதான் இருந்தது.

மேகவர்ணத்தின் கையில் 'ஃபுஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஒரு கோடு புகை எழுந்து, சூடம் மணத்து, காற்றோடு போனது. உள்ளங்கையில் ஒரு தழும்பு கூட இல்லை.

ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு அவர் வள்ளிமயிலின் மருமகனைப் பார்த்து, ஓடையைப் பார்த்து, கருப்பு கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, ஆறு மாதம் கழித்து இரண்டு கையையும் குவித்தார். குவித்தவர் பிரிக்கவே இல்லை, பெரிய மனுஷர் விம்மி விம்மி அழுதார். அப்புறம் தன்னந்தனியாக மேடை இருந்த இடத்துக்குப் பின்னால் போய், கையைக் கழுவிக்கொண்டு, வள்ளிமயில் விட்டுப்போன அண்டாவிலிருந்து புளியோதரையை இலையில் வைத்து வலது கையால் உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். செல்லமணிக்குச் சாயங்காலம் பெண் பிறந்தது. சுடர் என்று பெயர் வைக்கச் சொல்லிக் கட்சியிலிருந்து ஆள் வந்தார்கள், வள்ளிமயில் விரட்டிவிட்டாள்.

அதற்கு முன், மத்தியானம் ஒரு மணிக்கு வானம் வெளுத்து ஹெலிகாப்டர் சத்தம் கேட்டபோது சோலைராசு தங்க விளக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"பாய், தீப்பெட்டி இருக்கா?"

கொடுத்தேன். அந்த விளக்கு முப்படை மரியாதையோடு தில்லிக்குப் போனது. இன்றும் அங்கே ஒரு மண்டபத்தில் எரிகிறதாம், வெளிநாட்டிலிருந்து வருகிற தலைவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி வருகிறார்களாம், பிள்ளைகள் இப்போதும் காலையில் உள்ளங்கையை நீட்டுகிறார்கள். தீப்பெட்டியை மட்டும் சோலைராசு திருப்பித் தரவில்லை.

மறுநாள் கார்த்திகை ஒன்று. காலையில் மேகவர்ணம் கதவைத் திறந்தபோது வாசலில் வரிசை நின்றது. ரோடு கேட்ட ஊர், மடை கேட்ட ஊர், கல்லறைச் சுவர் கேட்ட ஊர், ஆறு மணி பஸ் கேட்ட ஊர் என்று நாற்பத்தொரு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள், ஆளுக்கொரு தட்டு, தட்டில் ஆளுக்கொரு சூடம். யாரும் கோபமாக இல்லை. "போன தடவ அடிச்சது சரியா புடிக்கலண்ணே, இன்னொரு தடவ அடிச்சிருங்க" என்றார்கள், அவ்வளவுதான்.

அவர் வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது வரிசை தெருமுனை தாண்டி வளைந்திருந்தது.

"வாங்க பாய். ஒவ்வொருத்தரும் சொல்றத மொதல்ல எழுதுங்க. ஒரு வார்த்த விடக் கூடாது. எழுத்துப் பெருசா இருக்கட்டும்."

நான் எழுதினேன். முதல் ஊர்க்காரர் சூடத்தைப் பற்றவைத்தார். மேகவர்ணம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.